தாய்க்கு என்று எழுதியிருந்தது

பலாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்றாவது வாசலின் அழைப்பு மணிப் பலகையில் ஒரு பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. வெயில் பட்டு மை மங்கிவிட்டது. கடைசி மூன்று எழுத்துகளுக்கு இடம் போதாமல் அவை கீழே இறங்கி நிற்கின்றன. எழுதியவன் நான்தான். அந்தப் பெயருக்கு உரியவர் தன் ஊருக்குத் திரும்பி இரண்டு குளிர்காலம் ஆகிறது. இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு மொரீசியஸ் தம்பதி. அவர்களிடம் அதைக் கிழிக்க வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்திருக்கும்.

பலேர்மோவில் இருக்கும் எங்கள் சனத்துக்கு அவர் "தாய்." அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் சூசை அண்ணை. மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் ஐரோப்பாவுக்கென்று வெளிக்கிட்டு, கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் கைவிட்டதால் பாங்கொக்கில் ஏழு வருடம் முடங்கிக் கிடந்தவர். அங்கேதான் இந்த அக்காவைச் சந்தித்தார். பிறகு எப்படியோ இத்தாலிக்கு வந்து, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிரந்தரமான பிறகு, அவரையும் வேலை விசாவில் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் "தாய்லாந்து" என்று சொன்னார். கொஞ்ச நாளில் "லாந்து" கழன்று விழுந்துவிட்டது. "தாய் வீட்டை நிக்கிறா." "இண்டைக்குத் தாய்க்குத் தலையிடி." கேட்ட புதிதில் நாங்கள் சிரித்தோம். சூசை அண்ணை கலியாணம் கட்டாமல் தாயோடு இருக்கிறார் என்று பகிடி விட்டோம். பகிடி பழசாகிச் செத்துப்போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நான் மரியாதைக்கு ஒரு "அக்கா" சேர்த்துக்கொண்டேன். அண்ணை என்று கூப்பிடுகிறவரின் மனைவியை அண்ணி என்றுதானே சொல்லவேண்டும். அந்தச் சொல் எங்களில் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. ஏனென்றால் அண்ணி ஒருவர் மன்னாரில் இருந்தார். எழுத்தும் முடிந்து, கோயிலில் தாலியும் ஏறி, ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்த பிறகு சூசை அண்ணை விட்டுவிட்டு வந்த மனைவி. பிள்ளை இல்லை. பதிவுத் திருமணத்தை எங்கள் பக்கம் "எழுத்து" என்போம். அந்த எழுத்தை ஒருவரும் அழிக்கவில்லை.

தாய் அக்கா தமிழை ஒரே ஒரு வாயிலிருந்து கற்றவர். அதனால் அவருடைய தமிழ் ஒரு மன்னார் ஆம்பிளையின் தமிழ். கதைக்கத் தொடங்குமுன் சூசை அண்ணை மாதிரியே தொண்டையைச் செருமுவார். "என்னடாப்பா, சோலி முடிஞ்சுதே?" என்று என்னைக் கேட்பார். அவ்வளவு மெல்லிய குரலில் அந்த "என்னடாப்பா" வரும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் திருத்தமாட்டார். சந்தையில் மீன்காரன் "சீனாக்காரி" என்று கத்துவான், திரும்புவார். மொண்டெல்லோவில் அவர் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு முதலில் இருந்த வேலைக்காரியின் பெயர் ரோசா. அதனால் பின்னால் வந்த எல்லாரும் ரோசா. பதினொரு வருடம் அவர் அங்கே ரோசாவாக இருந்தார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனால், வாசலில் நிற்பவன் அவருடைய பெயரை இரண்டு அசை வாசித்துவிட்டு மூன்றாவதில் கையை விரிப்பான். அதற்குள் அக்கா எழுந்து அவனிடம் போயிருப்பார்.

"உங்களுக்குக் கோபம் வராதோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னைத்தான் கூப்பிடினம் எண்டு விளங்குதுதானே தம்பி," என்றார்.

அப்போது அது எனக்குப் பெரிய மனசாகப் பட்டது. எங்களுக்கு வசதியான பெரிய மனசு என்று இப்போது படுகிறது.

ஒரு வருடம் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக்குப் புதிதாக ஒரு சுவாமியார் வந்தார். செப்ரெம்பரில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு பெல்லெகிரினோ மலையில் நடந்து ஏறுவது வழக்கம். பெயர்ப் பட்டியல் எழுதியவன் நான். "சூசை, தாய்" என்று எழுதியிருந்தேன். சுவாமியார் அதை வாசித்துவிட்டு, பாவம், சூசையின் தாய் இந்த வயதில் எப்படி மலை ஏறுவா என்று கவலைப்பட்டு, யாருடையதோ காரை ஒழுங்கு பண்ணிவிட்டார். அடிவாரத்தில் நின்றுகொண்டு, "சூசையின்ரை தாய் எங்கை? வாங்கோ, காரிலை ஏறுங்கோ," என்று கூப்பிட்டார். தாய் அக்கா அந்தக் கூட்டத்திலேயே வேகமாக நடக்கக்கூடியவர். பேசாமல் போய், முழங்கால் ஏலாத இரண்டு ஆச்சிமாருக்கு நடுவில் ஏறிக் குந்திக்கொண்டார். சுவாமியார் அவரை ஆச்சிமாரின் துணைக்கு வந்த வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு, தாயைத் தேடி இன்னும் பத்து நிமிடம் நின்றார். சூசை அண்ணை றோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பிறந்தநாளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்குப் படிவம் நிரப்புவதில் ஒரு பெயர் உண்டு. பகலில் ஒரு தொடர்மாடியின் வாசல் காவலன். மிச்ச நேரத்தில் எங்கள் சனத்தின் கடதாசிக் குமாஸ்தா. அதனால் சூசை அண்ணையிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"அண்ணை, ஊரிலை இருக்கிற எழுத்தை முறியுங்கோ. இவவை இஞ்சை எழுதுங்கோ. நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் இவவுக்கு ஒண்டுமில்லை. பென்சனும் இல்லை, வீடும் இல்லை."

"பாப்பம்," என்பார். பிறகு குரலைத் தணித்து, "கோயில் சனம் என்ன கதைக்கும் எண்டு யோசி. வீட்டுக்கு நான் எழுதி வைச்சிருக்கிறன். பயப்பிடாதை," என்பார்.

அந்த வீடு பெரிய வீடல்ல. ஓர் அறை, ஒரு குசினி, துணி காயப்போட ஒரு சின்ன பல்கனி. விலை குறைந்திருந்த காலத்தில் இரண்டு பேரின் உழைப்பிலும் வாங்கியது. உறுதிப் பத்திரத்தில் சூசை அண்ணையின் பெயர்தான் இருந்தது. அக்காவின் பெயர் நீளம் என்று பத்திரம் எழுதும் நொத்தாரிசின் உதவியாளர் முகம் சுளித்தாராம். அக்கா, அவருடைய பெயர் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

சூசை அண்ணை இதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து செத்துப்போனார். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து நான்காம் நாள், ஒரு பழைய பிஸ்கட் பேணியோடு என் வாசலுக்கு வந்தார். உள்ளே சூசை அண்ணையின் பிறப்புச் சான்றிதழ், எழுத்துச் சான்றிதழ், ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதிய கடிதம். திகதியும் கையெழுத்தும் சரியாக இருந்தன. கையால் எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைத்தால் இத்தாலியில் அது மரண சாசனமாகச் செல்லும் என்று எப்போதோ நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

பென்சன் அலுவலகத்தில் முதலாவது கேள்வியிலேயே விசயம் முடிந்துவிட்டது. மனைவி யார்? எழுத்து உள்ளவர் மனைவி. அவர் எந்த நாட்டில் இருந்தாலும், எத்தனை வருடம் முகம் பாராமல் இருந்தாலும், புருசன் செத்தால் வரும் பென்சன் அவருக்குத்தான். கூட வாழ்ந்தவருக்கு அந்தப் படிவத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. கவுண்டரில் இருந்த பெண் கெட்டவள் அல்ல. இரண்டு தரம் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாள். "வீடு இருக்குத்தானே," என்று அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு.

வீட்டுக்கு அந்தக் கடிதத்தை நொத்தாரிசிடம் கொடுக்கவேண்டும். அதற்கு இத்தாலிய மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, குசினி மேசையில் மூன்று கடதாசிகளையும் பரப்பிக்கொண்டு இருந்தேன். பிறப்புச் சான்றிதழில் "தாயின் பெயர்", "தாயின் இனம்", "தாயின் பிறந்த இடம்." இத்தாலியனில் மாத்ரே, மாத்ரே, மாத்ரே. பிறகு எழுத்துச் சான்றிதழ். பிறகு கடிதம். அதில் இரண்டே வரி.

"பலேர்மோவில் உள்ள என்ரை வீடு எனக்குப் பிறகு தாய்க்கு. அவ இருக்குமட்டும் ஒருத்தரும் அவவை அங்கையிருந்து எழுப்பக்கூடாது."

தாய்க்கு. "என் தாயாருக்கு" என்று எழுதினேன். மாத்ரே. பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாவம், தாயில் எவ்வளவு பாசம் என்றுகூட நினைத்தேன். அக்காவுக்கு ஒன்றும் எழுதாமல் போய்விட்டாரே என்று செத்த மனிசனில் கோபமும் வந்தது. பதினெட்டு வருடமாக என் வாயால் சொன்ன சொல். கடதாசியில் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியது மலைப் பட்டியலில் நான் ஒருவன்தான். அதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் முத்திரை ஒட்டி, நன்றாகவும் உண்மையாகவும் மொழிபெயர்த்தேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

நொத்தாரிசின் அறையில் இரண்டு சாட்சிகள், அக்கா, நான். நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வீட்டை "என் தாயாருக்கு" என்று வாசித்தபோது, அக்கா தொண்டையைச் செருமினார்.

"சோனோ இயோ," என்றார். அது நான்தான்.

நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார். "சிஞ்ஞோரா, இங்கே மாத்ரே என்று இருக்கிறது."

"ஸி. இயோ," என்றார் அக்கா மறுபடியும்.

சாட்சியாக இருந்த பெண் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் மனிசருக்கு முன்னால் என்றால் பரவாயில்லை, இவர்களுக்கு முன்னால் இந்த அக்கா ஏன் இப்படி என்று எரிச்சல் வந்தது. "அக்கா, இது வேறை அலுவல். உங்களுக்கு விளங்காது. பேசாமல் இருங்கோ," என்றேன்.

"ஓம் தம்பி," என்றார்.

அதோடு பேசாமல் இருந்துவிட்டார். மன்னாரில் இருந்த தாயார் சூசை அண்ணைக்கு முன்பே இறந்துவிட்டதால் அந்த வரி செல்லாது, வீடு முழுக்கச் சட்டப்படி மனைவிக்குப் போகும் என்று நொத்தாரிசு விளக்கினார். நான் வரிக்கு வரி அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

இரண்டு கிழமையில் அவருடைய குசினி பெட்டிகளுக்குள் போகத் தொடங்கிவிட்டது. பல்கனியில் இருந்த கொச்சிக்காய்ச் செடியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மொண்டெல்லோ சிஞ்ஞோரா தன் வீட்டின் பின்னறையைத் தருகிறாராம், இரவும் பகலும் வேலை என்றால். ஐம்பத்தைந்து வயதில் மறுபடியும் முழுநேர ரோசா. அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணியோடு நின்றேன். பாட்டுக்குழுவில் பாடும் ஒரு அக்கா பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, சூசை அண்ணை அப்ப தாய்க்கு ஒண்டும் எழுதேல்லையோ?"

தேத்தண்ணி என் கையில் ஊற்றுப்பட்டது. அந்த அக்கா துடைக்கக் கடதாசி எடுத்துத் தந்தார், சுட்டுதோ என்று கேட்டார். தாய்க்கு. தாய்க்கு. அந்த மண்டபத்தில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் அது யார் என்று சொல்லியிருப்பார்கள். கேட்காதவன் நான். சத்தியம் செய்தவனும் நான்.

நேரே பலாரோவுக்குப் போனேன். அக்கா பெட்டிகளுக்கு நடுவில் இருந்து மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"தாய் எண்டு எழுதினது உங்களைத்தான் எண்டு."

உரித்த பழத்தில் பாதியை என்னிடம் நீட்டினார். "சொன்னன்தானே. சோனோ இயோ எண்டு சொன்னன். நீங்கள் பேசாமல் இருங்கோ எண்டியள்." பிறகு, "உங்கடை பாசையிலை தாய் எண்டால் மாத்ரே எண்டு அவர் எனக்கு முதலே சொன்னவர். என்ரை நாட்டுக்கு நல்ல பேர் எண்டு சிரிப்பார். அதாலை மாத்ரே எண்டு வாசிக்கேக்கை விளங்கிச்சுது," என்றார்.

நான் அழுதேன். ஐம்பது வயது தாண்டிய ஆம்பிளை, பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவர் எழுந்து தண்ணீர் எடுத்துத் தந்தார். கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் கட்டியாகிவிட்டன, அதனால் ஒரு சட்டியில் தந்தார்.

நொத்தாரிசு முதலில் கோபப்பட்டார். பிறகு நான் சொன்னதை மூன்று தரம் கேட்டுவிட்டு, புதிய மொழிபெயர்ப்புச் செய்யலாம், ஆனால் மனைவி எதிர்த்தால் வழக்குக்குத்தான் போகவேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். மனைவி ஒத்துக்கொண்டு எழுதித் தந்தால் பாதி வீடாவது இவருக்கு நிற்கும். மற்றப் பாதி எப்படியும் மனைவியின் சட்டப் பங்கு.

மன்னாருக்குப் போன் எடுத்தேன். முன்பின் கண்டிராத ஒரு மனிசியை, "அண்ணி" என்று தடுமாறாமல் கூப்பிட்டது என் வாய். அது எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். கடிதத்தை வாசித்தேன்.

"திருப்பி வாசியுங்கோ," என்றார்.

வாசித்தேன். அங்கே சேவல் ஒன்று கூவியது.

"அவர் பெத்த மனிசியை ஆச்சி எண்டுதான் சொல்லுவார்," என்றார் அண்ணி. "நான் மாமியை வைச்சுப் பாத்தவள். கடிதம் போட்டாலும் ஆச்சிக்கு எண்டுதான் போடுவார். பெத்தவவை ஆர் தாய் எண்டு எழுதுறது? ஒப்பீசுக் கடதாசியிலைதான் அப்பிடி எழுதுவினம். இது அந்தப் பிள்ளையைத்தான்."

"ஓம் அண்ணி."

"பென்சன் எனக்கு வருமோ?"

"வரும். எழுத்து உங்களுக்குத்தானே."

"எனக்கும் வேறை ஒண்டுமில்லைத் தம்பி. அதாலைதான் கேட்டனான்." பிறகு, "சரி, கடதாசியை அனுப்புங்கோ, கையெழுத்து வைக்கிறன். அந்தப் பிள்ளையின்ரை பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை. குவெஸ்தூராவில் பார்த்திருக்கிறேன், நீளமான பெயர் என்று தெரியும். முதல் எழுத்துகூட நினைவில் இல்லை.

"பேர்... சரியாய்த் தெரியாது அண்ணி. நாங்கள் தாய் எண்டுதான்..."

"எத்தினை வருசம் அங்கை ஒண்டாய் இருக்கிறியள்?"

"பதினெட்டு," என்றேன்.

"அவளின்ரை பேரை எழுதி அனுப்புங்கோ. தாய் எண்டு எழுதி வந்தால் நான் வைக்கமாட்டன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா கடவுச்சீட்டை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். பார்த்து எழுதுவது சுலபம். கடதாசி மன்னாருக்குப் போய், முத்திரைகளோடு திரும்பி வந்தது. நொத்தாரிசு புதிதாக எழுதினார். பாதி வீடு ஒருவருக்கு, பாதி மற்றவருக்கு. அண்ணி தன் பாதிக்காக ஒருநாளும் அவரை எழும்பச் சொல்லவில்லை. பெட்டிகள் திறக்கப்பட்டன. கொச்சிக்காய்ச் செடியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். அதற்குள் எங்கள் வீட்டில் பாதி காய்ந்திருந்தது.

தன் தமக்கைக்குச் சுகமில்லை என்று அவர் ஊருக்குப் போகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். உறுதி கைக்கு வந்த கிழமை, அழைப்பு மணிப் பலகையில் சூசை அண்ணையின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதித் தரச் சொன்னார். அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். எழுதினேன். இடம் போதவில்லை. ஒட்டிவிட்டு, ஒரு மரியாதைக்கு, வாசித்துக் காட்டினேன்.

"இல்லை," என்றார் அவர்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா செருமிவிட்டு, தன் பெயரைச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் குரல் இறங்கி ஏறியது. நான் சொன்னேன்.

"இல்லை."

இன்னொரு தரம் சொல்லித் தந்தார், இன்னும் மெதுவாக. சந்தில் போன மீன்காரன் "சீனாக்காரி" என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். அக்கா திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்றாந்தரமும் சொன்னேன்.

"இல்லைத் தம்பி," என்றார்.